வாளியில் மிதந்த முட்டைகள்

அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்றவளுக்கு விரால் சூப் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று மலேசியாவின் கிள்ளானில் பலரும் நம்புவார்கள். பக்கத்து வீட்டு ஆயிஷாவுக்காகக் கமலநாதன் ஆற்றில் தூண்டில் போட்டு ஒரு விராலைப் பிடித்துவந்தார்.

மீன் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் அவர் தம்பி செல்வகுமார் தடுத்தார்.

"வேணாம்ண்ணே. அந்த ஆத்துல ஆம்பள மீன் வயித்துலயும் முட்டை இருக்கு. தண்ணியில கலக்குற கெமிக்கல் செய்ற வேலை. கொதிக்க வச்சாலும் அது போகாது."

"நல்லதுதான்லா. பொம்பளைங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று கமலநாதன் சிரித்தார். ஆனாலும் பால் கொடுக்கும் தாய்க்கு அதைத் தர மனம் வரவில்லை. பந்திங் வரை மோட்டார் சைக்கிளில் போய், குளத்தில் வளர்ந்த ஒரு விராலை வாங்கிவந்தார். அது ஆண் மீன்தான் என்று செல்வகுமார் பார்த்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சமைப்பதாக ஆயிஷா சொல்லியிருந்தாள். அதுவரை மீன் வாளியில் தனியாக இருந்தது. கமலநாதன் தினமும் குழாய்த் தண்ணீரை மாற்றினார். வேறெதுவும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாளி நிறைய மஞ்சள் முட்டைகள் மிதந்தன. மீன் அவற்றின் கீழே மெதுவாகச் சுற்றிக் காவல் காத்தது.

"முருகா" என்றபடி பக்கத்து வீட்டுக்குப் போனார். ஆயிஷா பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்து, பெரிய கிளாஸில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மீன் கிடக்கட்டும்மா. அது எந்தத் தண்ணி?"

"நம்ம குழாய்த் தண்ணிதாண்ணே. நல்லா கொதிக்க வச்சுட்டேன்."