ஒரு பல் தள்ளி

மிதித்தால் கிட்டாரின் ஓசையைக் கூர்மையாக்க வேண்டிய வாவா பெடல், கொஞ்ச நாளாகச் சளி பிடித்தாற்போல் மூக்கால் பாடியது. கிட்டார்காரரின் மனைவி சும்மா விடுவாளா? “உங்க வாசிப்புக்குப் பயந்துதான் என் இடது காது முன்னாடியே கதவைச் சாத்திக்கிச்சு,” என்பாள். சின்ன வயதுக் காய்ச்சலில் போன காது அது.

மழை பெய்த ஒரு மாலையில் அவர் பெடலின் அடித்தகட்டைக் கழற்றி, உள்ளிருந்த பற்சக்கரத்தை ஒரு பல் தள்ளி மாட்டினார். தரையில் வைத்து மிதித்துப் பார்த்தார். மழைச்சத்தம் கூர்மையானது. குதிகாலை அழுத்திப் பெடலைப் பின்பக்கம் சாய்த்தார். மழை போர்வைக்குள் போனது. மறுபடியும் மிதித்தார். ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் கேட்டது. பெடலில் இன்னும் ஒரு வயரைக்கூட அவர் சொருகியிருக்கவில்லை.

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, வலது காதைப் பொத்தியபடி வந்து நின்றாள்.

“என்னங்க, காலை எடுத்துடாதீங்க.”

அவர் எடுக்கவில்லை. கால் மரத்துப்போனது. மழையும் விட்டது. பொத்திய கையை விலக்காமலே அவள் அருகில் வந்தாள். இடது காதை அவர் வாயருகே கொண்டுவந்தாள்.

“இப்ப ஏதாச்சும் பேசுங்க,” என்றாள்.