பஞ்சு

மகன் ஆசை ஆசையாக வாங்கிப்போட்ட நீள மூக்கு அமெரிக்கக் காரில் புது ரேடியேட்டரைப் பொருத்தி, அதன் பின்னால் மின்விசிறியையும் மாட்டி முடித்தார் மெக்கானிக் சந்தியாகு. இன்ஜின் சூடேறியதும் விசிறி சுழன்றது. அது காற்றை உள்ளே இழுக்கிறதா என்று பஞ்சு வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு துணுக்குப் பஞ்சைக் கிள்ளி ரேடியேட்டருக்கு முன்னால் நீட்டினார். சட்டென்று போய் ஒட்டிக்கொண்டது.

போன மாதம் மகனின் மூக்கருகே இதே விரல்கள் பிடித்த பஞ்சு அசையவே இல்லை.

"அதான் நல்லா இழுக்குதே, அணைச்சிட்டுச் சாப்பிட வாங்க" என்றாள் மனைவி ரோஸ்லின்.

அணைத்தார். இன்ஜின் நின்ற பிறகும் சூடு தணியும்வரை விசிறி ஓடியது. அதன் வேகம் குறையக் குறைய, பஞ்சுக்குக் கீழே உள்ளங்கையை ஏந்தியபடி நின்றார்.