கழுவின கை

கிண்ணியாத் துறையடியில் பழைய பாய்ச்சீலை ஒன்றை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்திருக்கிறார்கள். கப்பலொன்று கொட்டிவிட்டுப் போன கழிவெண்ணெய் கரையெல்லாம் கறுப்பாய் மினுங்குகிறது. எண்ணெய் மணக்கிறதென்று ஊரில் ஒருவரும் மீன் வாங்குவதில்லை. வலை இழுத்துக் கறுத்த கைகளை ஒவ்வொருவராய்ச் சீலையில் பதிக்கிறார்கள். உள்ளங்கை மீனாகிறது, விரல்கள் வாலாகின்றன. ஸுல்பிகா சிரட்டைச் சுண்ணாம்பைத் தொட்டு ஒவ்வொன்றுக்கும் கண் வைக்கிறாள். பின்னேரம், துறைமுகத்தில் நிற்கிற அந்தக் கப்பல்காரர் பார்க்க இந்தப் பாயைக் கட்டித் தோணி ஓட்டப்போகிறார்கள். மீன் விற்கிற மாகிரட் கோயிலால் நேரே வருகிறாள், வெள்ளைச் சட்டையோடு. நீட்டின கையைப் பார்த்துத் தானே வெட்கப்படுகிறாள்.

"ஐயோ, பூசைக்குப் போகவெண்டு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சுக் கழுவிப்போட்டன். இனிப் பதிக்க ஏலாதே?"

"ஏன் ஏலாது அக்கா? கடல் பக்கத்திலதானே கிடக்கு," என்கிறாள் ஸுல்பிகா.

மாகிரட் படியில் குந்தி, சட்டைக் கையை மடித்து, கையைத் தண்ணிக்குள் விட்டு எடுக்கிறாள். விரல்களால் கறுப்பு வடிகிறது. எழுந்து வந்து பதிக்கிறாள். சீலையில் பதிந்ததிலேயே கறுத்த மீன் அவளுடையதுதான்.