முன்வரிசை ஓணான்

போட்டியில் பரிசு வாங்கிய தன் கதையை வேப்பமரத்தடிக் கூட்டத்தில் வாசித்தது அணில். டீயும் போண்டாவும் தீர்ந்ததுமே கூட்டம் நைசாகக் கழன்றுகொண்டது. முன்வரிசை ஓணான் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்து வரிக்கு வரி தலையாட்டியது. அணிலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்து மைனா, அதே போட்டியில் தேறாத கதையை வாசித்தது. அதற்கும் ஓணான் அதே ஆட்டம். மைக்கைக் கழற்ற வந்த காக்கை சும்மா "ஹலோ, ஹலோ" என்றது. அதற்கும்!

அணிலின் முகம் தொங்கிப்போயிற்று.

மறுமாதம் அணிலின் புத்தக வெளியீடு. அழைப்பிதழைப் பார்த்த மைனா விழுந்து விழுந்து சிரித்தது.

"முதல் பிரதி வாங்கப்போறது ஓணானா? அவருதான் எல்லாத்துக்கும் தலையாட்டுவாரே!"

"ஆட்டட்டுமேக்கா," என்றது அணில். "எந்திரிச்சுப் போகலையே!"