மூன்று லாரிகளை நிறுத்திய பேரன்

மாதா மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஓசூர் ஆஸ்பத்திரியில், ஜன்னல் வெயில் விழும் கட்டிலில், பிறந்து பத்து நாளான என் பேரன் கால் பரப்பிக் கிடக்கிறான். காது சோதனையில் இரண்டு முறையும் தேறவில்லை. வயிற்றிலிருந்தபோதே வைரஸ் தொற்றியதா என்று பார்க்க அவன் மூத்திரம் வேண்டும். மூன்று வாரத்துக்குள் தெரிந்தால், மருந்து கொடுத்து, மிச்சமிருக்கும் கேட்கும் திறனையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். நேற்றுவரை தூக்கியவர் மடியையெல்லாம் நனைத்தவன், டப்பாவைக் கண்டதும் ஒரு சொட்டும் விடவில்லை. கம்பெனி யூனிஃபார்மோடு என் மகன் ஸ்டெபின் டப்பாவை ஏந்தி நிற்கிறான். மருமகள் ஃபெபா குனிந்து "ஸ்ஸ்ஸ்" என்கிறாள். பக்கத்துக் கட்டில் நஞ்சம்மா சேர்ந்துகொள்கிறாள். பிறகு வார்டே சேர்ந்துகொள்கிறது. அந்தச் சத்தத்தில் ஹைவேயில் மூன்று லாரிகள் நிற்கின்றன. டிரைவர்கள் இறங்கி டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். வார்டுக்கு வந்த ஆண்களெல்லாம் கக்கூசுக்கு ஓடுகிறார்கள். "அய்யோ, காது கேக்குதான்னே தெரியலைன்னுதானம்மா இந்த டெஸ்ட்டு! யாருக்கு இத்தனை ஸ்ஸ்ஸு?" என்கிறார் நர்ஸ் சுமலதா. "நீங்க சும்மா இருங்க சிஸ்டர், எம்புள்ளைக்குக் கேக்கும்" என்கிறாள் ஃபெபா. சொன்ன வாய் மூடுவதற்குள் வெயிலில் ஒரு பொன்கம்பி எழும்புகிறது. பாதி ஸ்டெபின் சட்டைப் பைக்கு, மீதி டப்பாவுக்கு. "கேட்டுருச்சு! கேட்டுருச்சு!" ஃபெபா அழுதுகொண்டே சிரிக்கிறாள். "மொதல்ல டப்பாவ மூடுங்க, மிச்சத்த லேப் சொல்லட்டும்" என்கிறார் நர்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. இடி விழுந்தாலும் கேட்காத என் காதில் மாட்டும் மெஷின், போன வாரத்திலிருந்து ரிப்பேர் கடையில் இருக்கிறது.