அம்மாவுக்கும் ஒரு டிக்கெட்

“இந்த டூருக்கு அத்தை வர வேண்டாம்” என்றாள் மருமகள், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக.

எப்போது? மாமியார் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது. கதவு வேறு திறந்திருந்தது.

பாவம், அந்த அம்மாள் பிறந்ததிலிருந்து பனியைப் பார்த்ததில்லை. மகன் கூட்டிப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தாள்.

மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு அதிகாரி. ஆணி வாங்கப் போனால், அதை அடித்துத் தர ஆளையும் இலவசமாகக் கேட்பான். ஆபீஸ் நண்பர்களின் குடும்பங்கள் இரண்டு, இவர்கள் குடும்பம் ஒன்று என்று எல்லோருமாகச் சேர்ந்து வெளிநாடு போக, அங்கே ஒரே வீடாக வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பட்ஜெட் போடும் பொறுப்பு இவனுடையது.

“டிக்கெட்டையும் வாடகையையும் மட்டும் பார்த்துட்டுக் கிளம்பறவன் ஏமாளி” என்பான். “கண்ணுக்குத் தெரியாத செலவுதான் ஆளைச் சாய்க்கும். கார்டைத் தேய்ச்சா கமிஷன், பெட்டி ஒரு கிலோ கூடினா தண்டம், பாத்ரூம் போனாக்கூடக் காசு.”

“அதைத்தான் நானும் சொல்றேன்” என்றாள் மனைவி. “அத்தைக்கு எழுபது தாண்டியாச்சு. இன்சூரன்ஸ் மட்டுமே நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து வர்றதைவிட அதிகம்.”

“கட்டறேன்.”

“முட்டி வலி இருக்கு. ஏர்போர்ட்ல அவ்வளவு தூரம் நடக்க முடியாது.”

“வீல்சேர் சும்மாவே தருவாங்க. விசாரிச்சுட்டேன்.”

“கோட்டு, பூட்ஸ் எல்லாம் புதுசா வாங்கணும். திரும்பி வந்தா பரண்லதான் கிடக்கும்.”

“கிடக்கட்டும். பெத்த தாய்க்குச் செய்யறதுல கணக்குப் பார்க்கச் சொல்றியா?”

கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் நாத்தனாருக்குக் கலங்கியே விட்டது.

“அண்ணி, எங்க அம்மா உங்களுக்கு அவ்வளவு பாரமாப் போயிட்டாங்களா? இப்படி ஒரு பிள்ளை கிடைக்க அம்மா புண்ணியம் பண்ணியிருக்காங்க. உங்களை மாதிரி மருமகள் கிடைக்க என்ன பண்ணாங்கன்னுதான் தெரியலை.”

“அப்ப இன்சூரன்ஸை மட்டும் நீங்க கட்டிடறீங்களா?”

நாத்தனார் வீட்டில் திடீரென்று சிக்னல் சரியில்லாமல் போனது. பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் தானாகவே சரியாகிவிட்டது.

“இதோ பாரு” என்றான் கணவன். “அம்மா இல்லாம நான் கிளம்ப மாட்டேன். அவ்வளவுதான்.”

அடுத்த அறையில் மாமியார் கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அதை நான்காக மடித்து, பழைய புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

அதைப் பார்த்த மருமகளுக்கு மனசு கேட்கவில்லை.

“சரி, அத்தை வரட்டும்” என்றாள்.

“இப்பவாவது புத்தி வந்துதே” என்றது போன்.

“ஒரே ஒரு மாத்தம். நம்ம மூணு பேருக்கு மட்டும் அந்த வீடு வேண்டாம். பக்கத்துல ஏதாவது ஹோட்டல்ல ரூம் போட்டுடுங்க. அடுப்பு இல்லாத ரூம்.”

“அடுப்பு இல்லாமலா?”

“ஆமா. காலையில எழுந்ததும் அவங்க நிம்மதியா ஜன்னல் வழியாப் பனியைப் பார்க்கட்டும். மூணு வேளையும் வெளியில சாப்பிட்டுக்கலாம்.”

கணவன் பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்த லேப்டாப்பைப் படக்கென்று மூடினான்.

“விளையாடறியா? மத்த ரெண்டு குடும்பமும் அம்மா டிக்கெட்டுக்குப் பங்கு கொடுத்திருக்காங்க. எதுக்குக் கொடுத்தாங்க? அங்க ஹோட்டல் விலையில தினம் இத்தனை பேர் சாப்பிட்டா போண்டியாயிடுவோம். அம்மாவைக் கூட்டிட்டுப் போறதே அந்தச் செலவை அடக்கத்தான். அடுப்பே இல்லாத இடத்துக்கு அம்மா எதுக்கு?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. கதவு திறந்திருந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மனைவியின் குரல் இறங்கிவிட்டது. “நேத்தே உங்க நண்பரோட மனைவி போன் பண்ணி, முதல் நாள் அத்தை என்ன சமைக்கப் போறாங்கன்னு கேட்டாங்க. இதை அத்தை உங்க வாயாலயே கேட்க வேண்டாம்னுதான் இவ்வளவு நேரம் நான் கெட்ட பேர் வாங்கிட்டிருந்தேன்.”

நாத்தனார் வீட்டில் மறுபடியும் சிக்னல் போய்விட்டது.

மாமியார் மெதுவாக எழுந்து வந்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. மகனைத் தாண்டிப் போய் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்த ஹோட்டல்லயே ரூம் போடும்மா, நமக்கு ரெண்டு பேருக்கு. என் பென்ஷன் பணம் இருக்கு.”

“அப்ப நான்?” என்றான் மகன்.

“நீ அந்த வீட்டுலயே இருப்பா. அவங்க பங்கு கொடுத்திருக்காங்கல்ல, யாராவது சமைச்சுப் போடணுமே.”