ஹாஜியாரின் கொண்டெய்னரில் ஒரு மூலை

முக்தார் ஹாஜியாரின் மனைவி றுகையா, வீட்டு முற்றத்தில் நின்ற கொண்டெய்னருக்குள் ஒரு தடவைதான் எட்டிப் பார்த்தார். உடனே முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற விஜயகலாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வாசல் ஓரமாக அடுக்கியிருந்தவை அவள் கொண்டுவந்த பெட்டிகள். கித்துல்கலைக்குப் பக்கத்தில், றப்பரும் தேயிலையும் உள்ள தோட்டமொன்றின் மாதர் சங்கத்துப் பெண்கள், மலை உச்சியில், முன்பு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமாக இருந்த பழைய பிள்ளை மடுவத்தில் உட்கார்ந்து, கையாலேயே உருட்டிக் காயவைத்த தேயிலை. ஜெர்மனியில் ஒரு கடைக்காரர் முதன்முதலாகக் கேட்டிருந்தார். இந்தக் கப்பலில் வராவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வேன் என்றும் கறாராகச் சொல்லியிருந்தார்.

முழுக் கொண்டெய்னர் பிடிக்க அந்தப் பெண்களுக்கு எங்கே வசதி? எட்டியாந்தோட்டை முக்தார் ஹாஜியார் மாதாமாதம் அதே ஜெர்மன் துறைமுகத்துக்குப் புகை போட்ட றப்பர் சீட் அனுப்புகிறவர். விஜயகலா துணிந்து போய்க் கேட்டாள். ஒரு மூலை இடம்தானே, தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அவர் சிரித்தபடி சொன்னதை தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்.

இப்போது றுகையா கணவரின் காதில் ஏதோ சொன்னார். ஹாஜியாரின் முகம் சுருங்கிப் போனது.

"தேயிலைப் பெட்டியெல்லாம் இறக்குங்க" என்றார் வேலையாட்களிடம்.

"என்னங்க ஹாஜியார், ஏன் எறக்கச் சொல்றீங்க?"

"இதுல ஏத்த ஏலாது தங்கச்சி. நாளைக்கு வாங்க, பேசுவோம்."

நாளைக்கு வந்து பேசினால் கப்பல் நின்று கேட்டுக்கொண்டிருக்குமா? விஜயகலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"லயத்துப் பொம்பளைங்க கை பட்டா நாறுதுங்களா? வேணாம்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

ஹாஜியார் அதற்குள் முதுகைத் திருப்பிக்கொண்டு, கப்பல் ஏஜன்டோடு போனில் சிங்களத்தில் சத்தம் போட ஆரம்பித்திருந்தார். றுகையா வந்து அவள் கையைப் பிடித்தார். அதை உதறிவிட்டு விஜயகலா பஸ் ஏறிவிட்டாள்.

அன்றைக்கு லயத்தில் ஹாஜியாரின் தலை உருளாத வீடில்லை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அப்படித்தான் என்றார்கள். றுகையாவின் மூக்குக்குத் தனி அர்ச்சனை நடந்தது. இத்தனை நாள் இலை உருட்டிய பாடெல்லாம் வீணாகப் போயிற்றே என்று சிலர் வாய்விட்டே அழுதார்கள். விஜயகலாவுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நம்பிப் போய்க் கேட்டவள் அவள்தானே.

மறுநாள் காலை, பெட்டிகளைத் திருப்பி எடுத்து வருவதற்குக் தோட்டத்துக் கன்னையாவின் லொறியைப் பிடித்துக்கொண்டு போனாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

முற்றத்தில் பெட்டிகளைக் காணோம். கொண்டெய்னரையும் காணோம். அது நின்ற இடத்தில் ஹாஜியாரின் றப்பர் சீட்டுக் கட்டுகள்தான் தறப்பாள் போட்டு மூடிக் கிடந்தன.

றுகையா வீட்டுக்குள்ளிருந்து ஓட்டமாக வந்தார்.

"தங்கச்சி, உங்கட பெட்டியெல்லாம் விடியவே கொழும்புக்குப் போயிட்டு. அவரும் கூடவே போயிருக்கார். இந்தக் கப்பல்லயே ஏறுது."

விஜயகலா தறப்பாளைக் காட்டினாள்.

"அப்ப இந்த றப்பர்?"

அது அடுத்த கப்பலுக்குத்தான் என்றார் றுகையா. ஏஜன்டோடு மல்லுக்கட்டி, நல்ல சுத்தமான வேறு கொண்டெய்னர் ஒன்றை ஹாஜியார் வரவழைத்திருக்கிறார். ஆனால் கப்பலில் அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு கொண்டெய்னருக்கான இடம். அதைத் தேயிலைக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். வேறு கொண்டெய்னர் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் ஆசை காட்டக் கூடாது என்றுதான் முதல் நாள் வாயைத் திறக்கவில்லையாம்.

"ரெண்டும் ஒண்ணாவே போயிருக்கலாமேங்க. எடம் இருந்துச்சே" என்றாள் விஜயகலா.

றுகையா சிரித்துவிட்டார்.

"நான் மூக்கைப் பொத்தினது எங்கட றப்பருக்குத் தங்கச்சி. கடல்ல போற அவ்வளவு நாளும் அந்தப் புகை நாத்தம் தேயிலையில ஊறினா, ஆராவது வாயில வைப்பாங்களா? றப்பருக்குள்ளேயே கிடக்கிற இவருக்கு அந்த வாடை விளங்காது. றப்பர் தோட்டத்துல பொறந்த உங்களுக்கும் விளங்காது. ஏத்தும்போதுதான் இவருக்குச் சந்தேகம் வந்து, என்னை மோந்து பார்க்கச் சொல்லிக் கூட்டிட்டு வந்தார்."

விஜயகலா தறப்பாளைத் தூக்கி, குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். றப்பருக்குப் புகை போடும் அறைக்குப் பக்கத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு வாடையும் தெரியவில்லை. முதல் நாள் பேசிய பேச்சுத்தான் நெஞ்சைச் சுட்டது.

"ஹாஜியாருக்குப் பெரிய நட்டமாச்சேங்க அக்கா."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எங்கட றப்பர் அடுத்த கப்பல்ல போனாலும் றப்பர்தான். அந்தப் புள்ளைகள்ட தேயிலை மொதத் தடவையே நாறிட்டா, பொறகு அவங்கட பேரு எந்தக் கப்பல்லயும் ஏறாது' என்டார்."